பதில் வராததும் பதில் இல்லாததும்

மாதிரித் தொடர்வண்டிகளை வீட்டுக் கூடத்தில் ஓடவிட்டு மகிழ்வோர் இருப்பதுபோல, மாதிரி இணையம் ஒன்றை அமைத்து அதில் தரவுப் பொதிகளை ஓடவிடுவோரும் உலகில் உள்ளனர். அவர்கள் நடத்தும் வலைக்கு டிஎன்42 என்று பெயர். இதில் வணிகம் இல்லை; சந்தாவும் இல்லை. பங்கேற்பவர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு தன்னாட்சி வலை எண்ணையும் சிறிய முகவரித் தொகுதி ஒன்றையும் பெறுகிறார். பொது இணையத்தில் புழங்காதபடி ஒதுக்கிவைக்கப்பட்ட தனிப்பயன் முகவரிகளுள் 172.20.0.0/14 என்ற பகுதியே இவர்களின் நிலம். பதிவேடு ஒரு கிட் களஞ்சியமாக இருக்கிறது. புதிதாக வருபவர் தம் விவரங்களை எழுதி மின்கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். தன்னார்வலர்கள் அதைச் சரிபார்த்துச் சேர்க்கிறார்கள்.

இரண்டு வலைகள் இணைய வேண்டுமானால் அவற்றை நடத்துவோர் முதலில் மடல் எழுதிப் பேசிக்கொள்கிறார்கள். பிறகு பொது இணையத்தின் மீதே மறையாக்கம் செய்த சுரங்கவழி ஒன்றை அமைக்கிறார்கள். அதன் வழியே இரண்டு இயந்திரங்களும், தம்மிடம் உள்ள முகவரிகள் எவை, தம் மூலமாக அடையக்கூடிய இடங்கள் எவை என்பதை ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்கின்றன. இந்த அறிவிப்புக்கான நெறிமுறை பிஜிபி. பெரிய இணையத்தை இன்றும் இயக்குவது இதே நெறிமுறைதான். 1989 ஜனவரியில் ஆஸ்டின் நகரில் நடந்த பொறியாளர் கூட்டம் ஒன்றின் உணவு இடைவேளையில், கர்க் லாஹீடும் யாக்கவ் ரெக்டரும் காகிதக் கைக்குட்டைகளில் கிறுக்கிய குறிப்புகளிலிருந்து அது பிறந்தது. தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கியது நிரந்தரமாகிவிட்டது.

டிஎன்42இல் பலரும் பயன்படுத்தும் வழிச்செலுத்தல் மென்பொருள் பேர்டு. பிராகா நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர் செயல்திட்டமாக உருவான இந்த மென்பொருளை இன்று செக் நாட்டின் சிஇஜட்.நிக் அமைப்பு பேணி வளர்க்கிறது. உலகின் பெரிய இணையப் பரிமாற்ற நிலையங்கள் பலவற்றிலும் இதே மென்பொருள் ஓடுகிறது. ஆகவே பொழுதுபோக்காளர் ஒருவர் தம் மேசைமீதுள்ள சிறு பலகையில் கற்றுக்கொள்வது, பெரிய வலைகளின் பொறியாளர்கள் நாள்தோறும் கையாள்வதிலிருந்து வகையால் வேறுபட்டதன்று. அளவால் மட்டுமே வேறுபட்டது.

இப்படி ஒரு பயிற்சிக் களம் ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு இணைய வரலாறே சான்று. 2008 பிப்ரவரி 24 அன்று, தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்க முனைந்த பாகிஸ்தான் டெலிகாம் நிறுவனம், யூடியூபின் முகவரிகளுள் ஒரு பகுதி தன்னிடம் இருப்பதாக அறிவித்த செய்தி நாட்டெல்லையைக் கடந்து கசிந்தது. அண்டை வலைகள் நம்பின. அவற்றின் அண்டைகளும் நம்பின. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகின் பல பகுதிகளில் யூடியூப் எட்டவில்லை. ஒரு வரி அறிவிப்பு இத்தனை தூரம் செல்லும் இடத்தில் கற்றுக்குட்டிகளைக் கைவைக்கவிட முடியாது. தவறு செய்தாலும் எவருக்கும் கேடு வராத ஒரு வலை வேண்டும். அதுவே டிஎன்42.

ஹைதராபாதில் தகவல்தொடர்பு வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒருவர் இந்த வலைக்குள் நுழைந்ததற்கு அவருடைய நெறியாளர் சொன்ன ஒரு சொல்லே காரணம். ஆய்வேட்டின் முதற்பகுதி இந்தியத் தந்தித் துறையைப் பற்றியது. 1908இல் நடந்த தந்திப் பணியாளர் வேலைநிறுத்தம் அதில் ஓர் இயல். கடைசிப் பகுதி, இணைய வலைகளுக்கு இடையிலான நம்பிக்கையைப் பற்றியது. அந்தக் கடைசிப் பகுதியின் முன்வரைவைப் படித்த நெறியாளர், "எல்லாம் படிச்சு எழுதியிருக்கே. ஒருதடவை கையால தொட்டுப் பாத்துட்டு எழுதும்மா" என்றார். துறைக் கருத்தரங்கில் அந்த இயலை வாசிக்க மூன்று வாரம் இருந்தது.

பல்கலைக்கழக வலையில் சுரங்கவழி அமைக்க இசைவில்லை. எனவே அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் பிராட்பேண்டையே நாட வேண்டியதாயிற்று. ஆய்வகத்தில் வேறொரு பணிக்குப் பயன்பட்டு ஓய்ந்திருந்த ராஸ்பெரி பை 4 பலகை ஒன்று கிடைத்தது. மாடிவீட்டில் குடியிருந்த முதுகலை மாணவர் ஒருவர் துணைக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். கணினி அறிவியல் படிப்பவர். ஆய்வாளரை 'அக்கா' என்று அழைப்பவர். சிங்கப்பூரில் சர்வர் வைத்திருந்த ஒருவரும் ஜெர்மனியில் வைத்திருந்த ஒருவரும் அண்டையாக இருக்க இசைந்தனர்.

முதல் தடை இந்தியப் பயனர்கள் பலருக்கும் பழகியது. வீட்டு ரௌட்டருக்குக் கிடைத்திருந்த முகவரி 100.64 எனத் தொடங்கியது. அது பொது முகவரியன்று. ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துபோன நிலையில், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்க நிறுவனங்கள் பயன்படுத்தும் இடைநிலை முகவரி. 2012இல் இதற்கெனவே ஒதுக்கப்பட்ட தொகுதியைச் சேர்ந்தது. இந்த ஏற்பாட்டில் வீட்டிலிருந்து வெளியே பேசலாம். வெளியிலிருந்து எவரும் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. வழி இருந்தது. சுரங்கவழியை எப்போதும் ஹைதராபாதிலிருந்தே தொடங்க வேண்டும். 25 நொடிக்கு ஒருமுறை ஒரு வெற்றுப் பொதியை அனுப்பி, திறந்த கதவு மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரே ஒரு வரி போதுமானதாக இருந்தது.

இரண்டாவது தடை விசித்திரமானது. சுரங்கவழிக்குப் பயன்பட்ட வயர்கார்டு, 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.6 பதிப்பிலிருந்து கெர்னலிலேயே இடம்பெறும் மென்பொருள். அதன் இயல்பு மௌனம். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளத் தவறும் பொதிக்கு அது மறுப்புக்கூடச் சொல்லாது. வேவு பார்ப்பவருக்கு அங்கே ஒரு கதவு இருப்பதே தெரியக்கூடாது என்பது அதன் வடிவமைப்புக் கொள்கை. நல்ல கொள்கைதான்; ஆனால் சாவி தவறு, முகவரி தவறு, துறை எண் தவறு, எல்லாவற்றுக்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றே. ஒருநாள் மின்தடைக்குப் பிறகு நன்றாக இயங்கிய சுரங்கவழி பேச மறுத்தது. அமைப்புக் கோப்பைப் பார்க்க உட்கார்ந்த சில நிமிடங்களில் தானாகவே சரியாகிவிட்டது. அடுத்த மின்தடையிலும் அதுவே நடந்தது. அந்தப் பலகையில் மின்கலத்தால் இயங்கும் கடிகாரம் இல்லை. மின்சாரம் போய் வந்தால் அது கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து விழித்துக்கொள்ளும். பழைய பொதியை எவரேனும் பதிவுசெய்து மீண்டும் அனுப்பி ஏமாற்றாதிருக்க, ஒவ்வோர் அறிமுகப் பொதியிலும் வயர்கார்டு நேரமுத்திரை இடுகிறது. முன்பு கண்ட முத்திரையைவிடப் பழையது வந்தால் புறக்கணிக்கிறது. பலகை இணையத்திடம் சரியான நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் வரை, அக்கரையிலுள்ள இயந்திரத்தின் கண்ணுக்கு அது கடந்த காலத்திலிருந்து பேசியது.

மூன்றாவதாக வந்தது ஒரு சொற்பொருள் சிக்கல். பேர்டு மென்பொருள் தன் நிலையை 'ஆக்டிவ்' என்று காட்டியது. மாணவர் மகிழ்ந்தார். பிஜிபியின் நிலை வரிசையில் அந்தச் சொல்லுக்கு, இணைப்பு இன்னும் கிட்டவில்லை, முயன்றுகொண்டிருக்கிறேன் என்றே பொருள். இணைந்துவிட்டால் அது 'எஸ்டாப்ளிஷ்டு' என்று மாறும். அண்டையாரின் முகவரி சுரங்கவழிக்குள் மட்டும் செல்லுபடியாகும் உள்ளூர் முகவரி என்பதால், எந்த இடைமுகம் என்று கூடவே குறிப்பிட வேண்டும் என்பது புரிந்ததும் நிலை மாறியது. அப்போதும் இவர்களின் முகவரித் தொகுதி சிங்கப்பூருக்கு அப்பால் பரவவில்லை. எந்த எண்ணுக்கு எந்த முகவரி உரியது என்ற அட்டவணையை ஒவ்வொருவரும் பதிவேட்டிலிருந்து அவ்வப்போது இறக்கிக்கொள்கிறார்கள். புதிய பெயர் அட்டவணையில் ஏறும் வரை வடிகட்டி அதை ஏற்காது. இதற்கு மருந்து காத்திருத்தல் மட்டுமே. மறுநாள் காலையில் வழி திறந்திருந்தது.

சிங்கப்பூர் வழியே ஐரோப்பாவிலுள்ள டிஎன்42 முகவரிகளுக்கு அனுப்பிய பிங் பொதிகள் ஒன்றுகூடத் தவறாமல் திரும்பின. அந்த நாளே ஜெர்மனிச் சுரங்கவழியையும் இணைத்தார்கள். அங்கேதான் உண்மையான புதிர் தொடங்கியது. இரண்டாவது வழி கிடைத்தால் நிலைமை மேம்பட வேண்டும். மாறாக, அதுவரை எட்டிய முகவரிகளுள் பல எட்டாமற்போயின. சில நன்றாகப் பதிலளித்தன. சிலவற்றுக்கு இழப்பு நூறு விழுக்காடு. ஐபிவி6 முகவரிகள் அனைத்தும் பழுதின்றி இயங்கின; பழுதெல்லாம் ஐபிவி4இல் மட்டுமே.

மாணவர் சிங்கப்பூர் இணைப்பை நிறுத்திப் பார்த்தார். எல்லாம் சரியாயிற்று. மீண்டும் இயக்கினார், மீண்டும் பழுது. சிங்கப்பூரில் இருப்பவருக்கு மடல் எழுதி, தம் பொதிகள் அவருடைய சர்வரைக் கடக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னார்கள். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, பொதிகள் கடந்து செல்கின்றன, ஆனால் பதில்கள் எவையும் தம் வழியே வரவில்லை என்று எழுதினார்.

"அவரு பதிலை வடிகட்டுறாரு அக்கா. புது ஆளுங்கன்னு நம்மள மதிக்கல" என்றார் மாணவர்.

"பதில் தன் வழியா வரலைன்னுதானே சொல்றாரு? பதிலே வரலைன்னு சொல்லலையே" என்றார் ஆய்வாளர்.

மாணவரின் ஊகம் அடிப்படையற்றதன்று. சிங்கப்பூரை நிறுத்தினால் பழுது நீங்குகிறது; இயக்கினால் திரும்புகிறது. குற்றவாளியைச் சுட்ட இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் செய்யப்படாத சோதனை ஒன்று இருந்தது. சிங்கப்பூரை அப்படியே வைத்து ஜெர்மனியை நிறுத்தினால் என்ன ஆகும்? நிறுத்திப் பார்த்தார்கள். அப்போதும் எல்லாம் சரியாயிற்று. தனித்தனியே இரண்டும் நல்லவை. சேர்ந்தால் மட்டும் பழுது. அப்படியானால் குற்றம் இரண்டில் எதனிடமும் இருக்க இயலாது. இரண்டும் சந்திக்கும் இடம் ஹைதராபாதில், மேசைமீது இருந்த பலகைதான்.

அதன்பின் தேடல் வெளியூரிலிருந்து வீட்டுக்குத் திரும்பியது. டிசிபிடம்ப் என்ற பழைய கருவியைக் கொண்டு ஜெர்மனிச் சுரங்கவழியின் இடைமுகத்தைக் கவனித்தார்கள். பதில்கள் வந்துகொண்டிருந்தன. நொடிக்கு ஒன்றாக, வரிசை எண் பிசகாமல். பக்கத்துச் சாளரத்தில் பிங் கட்டளையோ ஒரு பதிலும் வரவில்லை என்று உறுதியாகக் கூறிக்கொண்டிருந்தது. ஒரே இயந்திரத்தின் வாசலில் கடிதம் வந்து விழுகிறது. உள்ளறையில் இருப்பவருக்கு அது சேரவில்லை. இடையில் யாரோ எடுத்துவிடுகிறார்கள்.

யார் என்று அறிய ஃபயர்வாலின் எண்ணிகள் உதவின. எதையும் தடுக்காமல் கடந்துபோகும் பொதிகளை எண்ண மட்டும் செய்யும் விதி ஒன்றைத் தலைவாயிலில் வைத்தார்கள். அதே போன்ற ஒன்றை, பொதி இந்த இயந்திரத்துக்கே உரியது என்று முடிவானபின் நுழையும் உள்வாயிலிலும் வைத்தார்கள். தலைவாயில் எண்ணி ஏறிக்கொண்டே போனது; உள்வாயில் எண்ணி அசையவில்லை. அந்த இரண்டுக்கும் இடையே லினக்ஸ் கெர்னல் செய்யும் முதன்மையான வேலை ஒன்றே. அது வழித்தேர்வு. வந்த பொதி எங்கே செல்ல வேண்டும் என்று அங்கே தீர்மானிக்கப்படுகிறது. அத்துடன் இன்னொரு கேள்வியும் அங்கே எழுப்பப்படுகிறது: இந்த அனுப்புநருக்கு நான் ஒரு பொதி அனுப்புவதாக இருந்தால், இதே இடைமுகம் வழியாகவா அனுப்புவேன்?

இந்தக் கேள்விக்கு எதிர்வழிச் சோதனை என்று பெயர். லினக்ஸில் அதை ஆளும் அமைப்பின் பெயர் ஆர்பி ஃபில்டர். போலி அனுப்புநர் முகவரியுடன் வரும் பொதிகளை நுழைவிலேயே தடுக்க வேண்டும் என்ற பரிந்துரை 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் இணையப் பொறியாளர் ஆவணமாக வெளிவந்தது. 2004 மார்ச்சில் வந்த மற்றோர் ஆவணம், பல இணைப்புகள் உள்ள வலைகளில் அதை எப்படிச் செய்வது என்பதை விரித்துரைத்தது. சோதனையின் கண்டிப்பான வடிவம் மதிப்பு 1. அனுப்புநருக்குச் செல்லத் தான் தேர்ந்த வழியிலேயே பொதி வந்திருக்க வேண்டும்; இல்லையேல் அது ஓசையின்றி அழிக்கப்படும். தளர்ந்த வடிவம் மதிப்பு 2. அனுப்புநரை ஏதேனும் ஒரு வழியில் அடைய முடியுமானால் போதும்.

பலகையில் மதிப்பு 1 இருந்தது. முந்தைய பணிக்காகப் பாதுகாப்புக் கருதி எழுதிவைத்த அமைப்புக் கோப்பு அது. அந்தப் பணிக்கு அது பொருத்தமானதே. ஒரே இணைப்பு இருக்கும் இயந்திரத்தில், போன வழியில் வராத பதில் ஐயத்துக்குரியதுதான். இரண்டு இணைப்புகள் வந்ததும் நிலைமை மாறிவிட்டது. ஐரோப்பிய முகவரி ஒன்றுக்குச் சிங்கப்பூர் வழி சிறந்தது என்று ஹைதராபாத் கருதியது. ஹைதராபாதுக்கு ஜெர்மனி வழி சிறந்தது என்று அந்த முகவரி கருதியது. இரண்டும் தத்தம் நிலையிலிருந்து சரியான முடிவுகள். கேள்வி கிழக்கு வாசல் வழியே போயிற்று. பதில் மேற்கு வாசலுக்கு வந்தது. வாயிற்காவலர் அதைப் போலி என்று எண்ணினார். ஐபிவி6 தப்பியதற்கும் விளக்கம் கிடைத்தது. லினக்ஸில் இந்த அமைப்பு ஐபிவி4க்கு மட்டுமே உண்டு. எதிர்வழிச் சோதனையில் விழுந்த பொதிகளைக் கெர்னல் தனியே கணக்கு வைக்கிறது. அந்த எண் நொடிக்கு ஒன்றாகக் கூடுவதை இருவரும் பார்த்தார்கள். பதிவு செய்யும் வசதியை இயக்கியபோது, அப்பொதிகள் அனைத்தும் 'செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்தவை' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் வரிகள் வந்து விழுந்தன. வரவே முடியாத இடத்திலிருந்து வந்ததாகத் தோன்றும் பொதிகளுக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயர் அது.

காரணம் தெரிந்தபிறகும் தீர்வு உடனே வசப்படவில்லை. மாணவர் ஜெர்மனி இடைமுகத்தின் மதிப்பைச் சுழியமாக்கினார். பழுது அப்படியே இருந்தது. கெர்னலில் இந்த மதிப்பு இரண்டு இடங்களில் எழுதப்படுகிறது: இடைமுகத்துக்கு உரியது ஒன்று, எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்று. இரண்டில் எது பெரிதோ அதுவே செல்லும். பொது மதிப்பு 1 ஆக இருக்கையில் இடைமுகத்தில் சுழியம் எழுதிப் பயனில்லை. 2 என்று எழுதினால் அது செல்லும். சோதனையைத் தளர்த்த எண்ணைக் குறைப்பதுதான் எவருக்கும் தோன்றும். இங்கே கூட்ட வேண்டியிருந்தது. சுரங்கவழிகள் இரண்டிலும் 2 என்று எழுதினார்கள். வீட்டு பிராட்பேண்டு இடைமுகத்தில், காவல் தேவைப்படும் இடம் என்பதால், 1 என்பதையே விட்டுவைத்தார்கள். பதில்கள் உள்ளே வந்தன.

சிங்கப்பூர்க்காரருக்கு நன்றி மடல் எழுதும் பொறுப்பை மாணவரே கேட்டு வாங்கிக்கொண்டார். பழுதின் காரணத்தையும் அதில் விளக்கமாக எழுதினார்.

பழுது ஏன் இத்தனை நாள் பிடிகொடுக்கவில்லை என்று ஆராய்ந்தால் ஒரு முன்கருத்து தென்படும். கேட்ட வழியிலேயே பதில் வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பே அது. இணையம் அப்படியொரு வாக்குறுதியை என்றும் தந்ததில்லை. டிசிபிடம்ப் கருவியை 1988இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் எழுதியவர்களுள் ஒருவர் வெர்ன் பாக்சன். பின்னாளில் அவரே இணையப் பாதைகளைப் பரவலாக அளந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். 1995ஆம் ஆண்டின் இறுதியில் அளந்தவற்றுள் ஏறக்குறையப் பாதியில், போகும் பாதையும் வரும் பாதையும் ஒரு நகரத்திலேனும் வேறுபட்டிருந்தன. வழிமாறித் திரும்புதல் விதிவிலக்கன்று, அன்றாட நடப்பு என்பதை அந்த ஆய்வு காட்டியது. ஒரே கதவுள்ள வீட்டில் வாழ்பவருக்கு மட்டும் அது தெரிவதில்லை.

இதை வலைப் பொறியியலின் நுணுக்கமாக மட்டும் எடுத்துக்கொண்டு ஆய்வாளர் நகர்ந்திருக்கலாம். அவருடைய மேசையின் மறுபுறத்தில் தந்தி இயலின் முன்வரைவு இருந்தது. வேலைநிறுத்தக் காலத்தை ஒட்டித் தந்திப் பணியாளர்கள் அனுப்பிய மனு ஒன்றின் நகல் அவரிடம் இருந்தது. அது இருந்த கோப்பில் அரசின் பதில் ஏதும் இல்லை. அந்த இயலின் மைய வாதம், பணியாளரின் குறைகளை அரசு செவிமடுக்கவே இல்லை என்பது. அதற்குத் தூணாக நிற்க வேண்டிய வாக்கியத்துக்கு அவர் இடம் விட்டிருந்தார், எழுதியிருக்கவில்லை.

மனு ஒரு துறைக்குச் சென்றது. பதில் அதே துறையிலிருந்துதான் புறப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு உறுதியில்லை. வேலைநிறுத்தம் என்பது ஒழுங்குப் பிரச்சினையாகக் கருதப்பட்டால் கோப்பு உள்துறைக்குப் போயிருக்கலாம்; ஊதியம் பற்றிய பகுதி நிதித் துறைக்குப் பிரிந்திருக்கலாம்; மாகாண அரசு வழியே வாய்மொழியாகவோ சுற்றறிக்கையாகவோ பதில் இறங்கியிருக்கலாம். அரசு மௌனம் காத்தது என்பது ஒரு கூற்று. இந்தக் கோப்பில் பதில் இல்லை என்பது வேறொரு கூற்று. பதில் ஏதேனும் வந்து, அதைப் பின்னாளில் வகைப்படுத்தியவர்கள் இந்தக் கோப்புக்கு உரியதன்று எனக் கழித்திருந்தால், அது மூன்றாவது. மூன்றுக்கும் ஆய்வாளரின் கையில் கிடைக்கும் வெளித்தோற்றம் ஒன்றே: வெற்றிடம்.

ஆய்வுலகில் இந்த மூன்றையும் ஒன்றாகப் படிப்பது அரிதான பிழையன்று. வினாநிரலுக்குப் பதில் வராத ஊர், நேர்காணலில் பேச மறுத்த மூதாட்டி, தணிக்கையில் காணாமற்போன இதழ் என ஒவ்வொன்றின் மௌனத்துக்கும் உடனே ஒரு நோக்கம் கற்பிக்கப்படுகிறது. கற்பித்த நோக்கம் ஆய்வாளரின் கருதுகோளுக்கு இசைவாக இருப்பதும் வழக்கம். சிங்கப்பூர்க்காரர் புதியவர்களை மதிக்கவில்லை என்ற ஊகமும் அத்தகையதே. வலைகளில் சிறியோர் புறக்கணிக்கப்படுகிறார்கள் என்று வாதிட விரும்பும் இயல் ஒன்றுக்கு அது அருமையான சான்றாக அமைந்திருக்கும். நொடிக்கு ஒன்றாக வாசலில் வந்து விழுந்துகொண்டிருந்த பதில்கள் மட்டும் அதற்கு உடன்படவில்லை.

வாதத்தை விட்டுவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. அரசு உண்மையிலேயே செவிமடுக்காமல் இருந்திருக்கக்கூடும். சர்வர் நடத்தும் எவரேனும் உண்மையிலேயே வடிகட்டவும்கூடும். அதைச் சொல்வதற்கு முன், பதில் வந்திருக்கக்கூடிய மற்ற வாசல்களுக்கும் போய்ப் பார்த்தோமா என்பதே கேள்வி. பொறியாளர்கள் இதற்கு எளிய பழக்கம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். பாதையை நடுவில் வெட்டி, இதுவரை வந்ததா என்று பார்; வந்திருந்தால் மறுபாதியை வெட்டு. ஒவ்வொரு முறையும், கண்டதை மட்டும் எழுது. அதிலிருந்து உய்த்ததைத் தனியே எழுது. இருவரும் அந்த மூன்று வாரங்களில் பேணிய குறிப்பேட்டில் மூன்று பத்திகள் இருந்தன: எங்கே பார்த்தோம், என்ன கண்டோம், எங்கே இன்னும் பார்க்கவில்லை. மூன்றாவது பத்தியே பெரும்பாலும் நீளமாக இருந்தது. அங்கே எழுதப்பட்டிருந்த வரிகளுள் ஒன்றுதான் இறுதியில் விடையானது.

கருத்தரங்கில் நம்பிக்கை பற்றிய இயல் வாசிக்கப்பட்டது. வலைகளுக்கு இடையிலான நம்பிக்கை மனிதர்களின் மடல்களில் மட்டும் இருப்பதில்லை, எவரோ என்றோ எழுதிவைத்த இயல்பமைப்புகளிலும் உறைந்திருக்கிறது என்ற பகுதி அதில் புதிதாகச் சேர்ந்திருந்தது. ஒரு சூழலுக்கு நியாயமாக இருந்த ஐயம், சூழல் மாறியபின்னும் கோப்பில் தங்கி, யாருடைய விருப்பமும் இன்றித் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அதை வெறுப்பு என்று பெயரிட்டால் வெறுப்பவரைத் தேடி அலைவோம். கோப்பைத் திறந்து பார்க்கமாட்டோம். கேள்வி நேரத்தில் நெறியாளர் ஒன்றே ஒன்று கேட்டார்: "இதே கண்ணால உன் தந்தி இயலையும் பாத்தியாம்மா?"

இந்தியக் கல்லூரிகளில் வழிச்செலுத்தல் நெறிமுறைகள் பெரும்பாலும் படங்களாகவும் தேர்வு வினாக்களாகவுமே கற்பிக்கப்படுகின்றன. ஒரு சிறு பலகை, வீட்டு இணைப்பு, கட்டணமில்லா மென்பொருள், முகமறியா அண்டையார் இருவரின் நல்லெண்ணம் ஆகியவை போதும், அதே நெறிமுறை மேசைமீது உயிர்பெறும். கணினித் துறை மாணவருக்கு மட்டுமன்றி, சான்றுகளைக் கொண்டு வாதிடும் எத்துறை மாணவருக்கும் அது நல்ல முறையியல் வகுப்பு. மாடிவீட்டு மாணவர் தமக்கெனத் தனி வலை எண் கேட்டு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறார்.

தந்தி இயலில் விடப்பட்டிருந்த இடத்தில் இப்போதைக்கு, "இக்கோப்பில் பதில் காணப்படவில்லை" என்று எழுதப்பட்டிருக்கிறது. அதே ஆண்டின் உள்துறை, நிதித்துறைக் கோப்பு அட்டவணைகளைப் பார்க்க வேண்டும் என்பது குறிப்பேட்டின் மூன்றாவது பத்தியில் ஏறியிருக்கிறது. தில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அடுத்த மாதம் பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது.